நிப்பாட்டிக்கிட்டு வந்தவ

“வாயும் வயிறுமா இருக்கிறவ பொணத்தத் தொடக்கூடாது, உள்ளுக்குப் போ” என்று மூன்று பெண்கள் ஒரே நேரத்தில் சொல்லியும் துஷ்யந்தி மஞ்சள் கிண்ணத்தைக் கையைவிட்டு இறக்கவில்லை.

தோட்டத்து லயத்து வீடுகளுக்குப் பின்னால், பீலித் தண்ணீர் விழுகிற கரையில், சேலைகளை நாலு பக்கமும் பிடித்து மறைப்புக் கட்டியிருந்தார்கள். நடுவில் ஒரு பலகை. பலகையில் அவளுடைய அம்மா கருப்பாயி. காலையில், பால்வெட்டுக்கு ஆட்கள் ரப்பர் மலை ஏறிக்கொண்டிருந்த நேரத்தில் ஒரு வாய் சுடுதண்ணி கேட்டவள், அது வருவதற்குள் போய்விட்டாள். நேற்று முழுக்க வயிற்றைப் பிடித்துக்கொண்டு முனகியவளின் முகம் இப்போது தனக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்பதுபோல் இருந்தது.

“எங்கம்மாவ நான்தான் குளிப்பாட்டுவேன்” என்றாள் துஷ்யந்தி.

“முறை தெரியாதவளாடி நீ? வயித்துல இருக்கிறதுக்கு ஆகாது” என்றாள் ராக்கம்மா சின்னம்மா. கருப்பாயிக்கு நேர் இளையவள். அழுது அழுது அவளுக்குக் குரல் கட்டியிருந்தது.

“வயித்துல இருக்கிறதுக்கு எது ஆகும், எது ஆகாதுன்னு ஊரே சொல்லியாச்சு. நீங்களும் சொல்லணுமா?”

துஷ்யந்தியின் சங்கதி லயம் முழுக்கத் தெரிந்ததுதான். கல்யாணமாகி எத்தனையோ வருஷம் கழித்துத் தங்கிய பிள்ளை, மாசம் நெருங்கியும் தலையைக் கீழே திருப்பாமல் குறுக்கே கிடந்தது. வலி வருவதற்கு முன்னால் வந்து வார்டில் சேர்ந்துவிட வேண்டும், சீசர் பண்ணித்தான் எடுக்க வேண்டும் என்று கிளினிக்கில் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். வரச்சொன்ன நாள் இன்றைக்குத்தான். ஆனால் கருப்பாயி, மகளின் கையைப் பிடித்துத் தன் தலைமேல் வைத்து, போகமாட்டேன் என்று சத்தியம் வாங்கியிருந்தாள். “வயித்தத் தொறந்தா, தொறந்த வேலைய மட்டுமா பாப்பாங்க?” என்பது அவள் கேள்வி. அதற்கு மேல் ஒரு வார்த்தை விளக்கம் கிடையாது. துஷ்யந்தியும் கேட்டுக்கொண்டதில்லை. அந்த வீட்டில் ஆஸ்பத்திரி என்றால் சந்தேகம். அது உப்பு, மிளகாயைப்போல எப்போதும் இருந்தது, எந்தக் கடையில் வாங்கியது என்று யாரும் விசாரிக்கவில்லை.

முறையை மீறி அவள் பலகையருகே நின்றதற்குப் பாசம் மட்டும் காரணமில்லை. அவளுக்கு ஊசி குத்திய இடத்தைப் பார்க்க வேண்டியிருந்தது.

கருப்பாயிக்குத் தொப்புளுக்குக் கீழே பல வருஷமாக ஒரு வீக்கம். குனிந்து நிமிர்ந்தால் பிதுங்கும். கையால் அமுக்கி உள்ளே தள்ளிவிட்டு, பழைய சேலைத் துண்டை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு அவள் பாட்டுக்குப் பால்வெட்டப் போவாள். நேற்று அது உள்ளே போக மறுத்துவிட்டது. கல்லாக இறுகி, வாந்தியும் சேர்ந்துகொள்ள, அலற ஆரம்பித்தவளை ஆட்டோவில் ஏற்றி டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள் துஷ்யந்தி.

திரைக்குப் பின்னால் வைத்துப் பார்த்துவிட்டு வெளியே வந்த சின்ன வயது டாக்டர், அம்மாவுக்கு முன்னே ஆபரேஷன் ஏதும் செய்திருக்கிறதா என்று சிங்களத்தில் கேட்டார். இல்லை என்றாள் துஷ்யந்தி. யட்டியாந்தோட்டையில் புடவைக்கடையில் வேலை பார்க்கிறவள் அவள். சிங்களம் தண்ணிபட்ட பாடு. டாக்டர் விடவில்லை. பழைய வெட்டு ஒன்று இருக்கிறதே, அந்த இடம் விட்டுப்போய்த்தான் குடல் வெளியே வந்து மாட்டிக்கிடக்கிறது, தாமதிக்காமல் ஆபரேஷன் செய்ய வேண்டும் என்றார். துஷ்யந்திக்குச் சுருக்கென்றது. ஆயுசில் ஒரு நாளும் கத்தி படாத அம்மாவுக்குப் பழைய வெட்டு எங்கிருந்து வரும்? இந்த ஆள் வேறு யாரையோ பார்த்துவிட்டு வந்து எங்களிடம் பேசுகிறான் என்று நினைத்தாள். இல்லவே இல்லை என்று இன்னொரு தரம் அழுத்திச் சொன்னாள். திரைக்குப் பின்னால் அம்மா ஒன்றும் பேசாமல் கிடந்தாள்.

“அம்மவ நவத்தன்ன ஓன” என்றார் டாக்டர். அம்மாவை வார்டில் சேர்க்க வேண்டும் என்று அர்த்தம். தோட்டத்துத் தமிழிலும் அதை அப்படியேதான் சொல்வார்கள், ஆஸ்பத்திரியில் நிப்பாட்டிட்டாங்க என்று. அந்த ஒரு வார்த்தை காதில் விழுந்ததும் கருப்பாயி அத்தனை வலியோடும் கட்டிலைவிட்டு இறங்கிவிட்டாள்.

“நிப்பாட்ட விடாத துஷி. வீட்டுக்குப் போவோம்.”

மகள் தடுக்கவில்லை. சொந்தப் பொறுப்பில் போகிறோம் என்று எழுதிக்கொடுத்து, ஆஸ்பத்திரித் துண்டை வெட்டிக்கொண்டு கூட்டிவந்துவிட்டாள். கிளம்பும் முன் வலிக்கு என்று ஒரு ஊசி போட்டார்கள். வீட்டுக்கு வந்ததும் அம்மா சோர்ந்து சோர்ந்து விழுந்தபோது துஷ்யந்தியின் மனது அந்த ஊசியையே சுற்றிச் சுற்றி வந்தது. பேச்சைக் கேட்காமல் போகிறார்களே என்ற கோபத்தில் எதையாவது ஏற்றிவிட்டார்களோ?

“கொஞ்சம் திருப்பிப் புடிங்க” என்றாள் இப்போது. பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு அம்மாவை ஒருக்களித்துப் பிடித்தார்கள். இடுப்புக்குக் கீழே ஒரு சிறு சிவப்புப் புள்ளி. சுற்றிலும் வீக்கமில்லை, நீலம் பாரிக்கவில்லை. எறும்பு கடித்தால்கூட அதைவிடப் பெரிதாகத் தடித்திருக்கும்.

மறுபடி நிமிர்த்திக் கிடத்தினார்கள். இடுப்பில் கட்டியிருந்த சேலைத் துண்டை அவிழ்க்காமல், அதன் மேலேயே ராக்கம்மா தண்ணீரை ஊற்றப் போனாள்.

“அத ஏன் அவுக்காம ஊத்துறீங்க?”

“நனைஞ்சாப் போதும்டி. அது கெடக்கட்டும்.”

சொன்ன விதத்தில் ஒரு அவசரம் இருந்தது. துஷ்யந்தி கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, பெருத்த வயிறு இடிக்கக் குனிந்து, முடிச்சைத் தானே அவிழ்த்தாள். தொப்புளுக்குக் கீழே, கறுத்துப்போன வீக்கத்தின் மேல், ஒரு விரல் நீளத்துக்குப் பழுப்பாக ஒரு தழும்பு ஓடியது. இரண்டு பக்கமும் தையல் புள்ளிகள். நேற்று வந்ததில்லை அது. அம்மாவின் தோலோடு தோலாகக் கிழடுதட்டிப் போயிருந்தது.

“இது என்ன சின்னம்மா?”

ஒருத்தி மறைப்புச் சேலையைச் சரிசெய்யத் திரும்பினாள். இன்னொருத்தி வாளியை எடுத்துக்கொண்டு பீலிக்குப் போனாள். ராக்கம்மா தழும்பின் மேல் மஞ்சளை அள்ளிப் பூசினாள்.

“மொதல்ல வேலைய முடிப்போம்” என்றாள். துஷ்யந்தியும் மஞ்சளை அள்ளி அம்மாவின் கைகளில் பூசினாள்.

வெயில் ஏறியபோது கருப்பாயியை இஸ்தோப்புத் திண்ணையில் பெட்டியில் வைத்திருந்தார்கள். லாபிர் நானா கடையிலிருந்து வெள்ளைத் துணியும் சாம்பிராணியும் வந்திருந்தன. தப்புக்காரர்கள் சருகைக் கூட்டித் தீ மூட்டிப் பறைத் தோலைக் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள்.

அப்பா ஏழுமலை வாசலில் ஒரு பிளாஸ்டிக் கதிரையில் குனிந்து உட்கார்ந்திருந்தார். கொள்ளி யார் வைப்பது என்ற பேச்சு அவர் தலைக்கு மேலேயே நடந்தது. “ஆம்பளப் புள்ள ஒண்ணு இருந்திருந்தா இந்தக் கேள்வியே இல்ல” என்றார் மேல்லயத்துக்காரர் ஒருவர். மருமகன் நிரோஷன் வைக்கலாம் என்றால், பெண்டாட்டி பிள்ளைத்தாய்ச்சியாக இருக்கும்போது புருஷன் மயானத்துக்குப் போகவே கூடாது. கடைசியில் ராக்கம்மாவின் மகன் என்று முடிவானது. ஏழுமலை எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினார்.

குடித்துவிட்டு வரும் நாட்களில் அவர் கருப்பாயியைத் திட்டுவதற்கென்றே ஒரு வசவு வைத்திருந்தார். “நிப்பாட்டிக்கிட்டு வந்தவதானே நீ.” அடித்ததில்லை, சட்டியை உடைத்ததில்லை, இதை மட்டும் சொல்லிவிட்டுப் படுத்துவிடுவார். அம்மா பதில் பேசமாட்டாள். அம்மா பள்ளிக்கூடத்தை நடுவில் நிப்பாட்டிவிட்டாள், அதைத்தான் அப்பா சொல்லிக்காட்டுகிறார் என்று சின்ன வயதில் துஷ்யந்தி நினைத்திருந்தாள். வளர்ந்தபிறகு அதைப்பற்றி நினைப்பதை விட்டுவிட்டாள். இன்றைக்கு அந்த வசவு காதுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மறுத்தது.

மத்தியானத்துக்கு மேல் கிளினிக்கின் மிட்வைப் மிஸ் வந்தாள். கையில் சீனிப் பொட்டலம். பெட்டியருகே நின்று கும்பிட்டாள், ஏழுமலையிடம் இரண்டு வார்த்தை பேசினாள். பிறகு அவள் கண் நேராகத் துஷ்யந்தியின் வயிற்றுக்கு வந்தது.

“துஷ்யந்தி, இன்னைக்குத்தானே வரச் சொன்னது” என்றாள் தன் மெதுவான தமிழில். “நாளைக்காவது வரவேணும். குறுக்க இருக்கிறது சும்மா விசயம் இல்ல.”

இழவு வீட்டுக்கும் ஆள் பிடிக்க வந்துவிட்டாள் என்று துஷ்யந்தி நினைத்தாள். நினைத்ததில் நியாயமில்லை. பாவம், அந்த மனுஷி உச்சி வெயிலில் மலையேறி வந்திருந்தாள், முகமெல்லாம் வேர்வை. இருந்தாலும் நினைக்கத்தான் செய்தாள்.

“வலி ஏதும் வருதா?”

“இல்ல மிஸ்.”

பொய். பீலிக்கரையிலிருந்து வந்ததிலிருந்தே அடிவயிறு இறுகுவதும் விடுவதுமாக இருந்தது. குளிர்ந்த தண்ணீரில் நின்றதால் இருக்கும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு, ராக்கம்மாவின் கையைப் பிடித்து அடுத்த வீட்டுக் காம்பராவின் அடுப்படிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

“இப்ப சொல்லுங்க. பெட்டி மூடுறதுக்குள்ள எனக்குத் தெரியணும்.”

ராக்கம்மா அணைந்த அடுப்பைப் பார்த்தபடியே சொன்னாள்.

“நீ பொறந்த மறுநாளு. அப்ப தோட்டத்து ஆஸ்பத்திரியிலதான பெத்துக்குறது. நான் கஞ்சி எடுத்துக்கிட்டுப் போயிருந்தேன். ஒங்கம்மாவுக்கு நல்ல காய்ச்சல். வெள்ளச் சட்ட நோனா ஒருத்தி வந்து கட்டில்கிட்ட நின்னு, ‘நவத்தமுத?’ன்னு கேட்டா. எங்க ரெண்டு பேருக்கும் சிங்களம் அரைகுறை. காய்ச்சலா இருக்கிறதால இன்னும் ஒரு நாளு வார்டுல நிப்பாட்டப் போறாங்கன்னு ஒங்கம்மா நெனச்சுக்கிட்டா. நானும் அப்படித்தான் நெனச்சேன். நல்லதுதானக்கான்னேன். அவ ‘ஹா’ன்னு தலைய ஆட்டினா.”

“அவங்க என்ன கேட்டாங்களாம்?”

“புள்ள பெறுறத நிப்பாட்டிருவமான்னு கேட்டிருக்காங்க.”

“அதுக்கப்புறம்?”

“சாயங்காலம் தள்ளிக்கிட்டுப் போனாங்க. மயக்கம் தெளிஞ்சு பாத்தா வயித்துல பிளாஸ்டர் ஒட்டியிருக்குது. என்னத்துக்குன்னு கேட்டோம். ‘ஓயாமனே கிவ்வே’ன்னா. நீதானே சொன்னன்னு. அவ என்னத்தச் சொல்லுவா? ஹான்னு சொன்னது நெசந்தான?”

“ஏமாத்தினாங்களா? இல்ல, அவங்களும் இவங்க வெளங்கித்தான் சொல்றாங்கன்னு நெனச்சாங்களா?”

“அத யாருகிட்டப் போயி கேக்குறது? அந்த வருசத்துல இந்தத் தோட்டத்துலயே எத்தன பேருக்கு நடந்துச்சு. எல்லாருமா வெளங்காமப் போயிட்டோம்?” ராக்கம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். “நம்ம வாயாலயே ஹான்னு சொல்ல வச்சாங்க பாரு, அதத்தான் அவளால தாங்க முடியல.”

“எனக்கு ஏன் இத்தன நாளும் சொல்லல?”

“சொல்லக்கூடாதுன்னு என் வாயக் கட்டி வச்சிருந்தா. தான் பொறந்ததாலதான் அம்மாவுக்கு அப்படி ஆச்சுன்னு நீ நெனச்சுருவியாம்.”

துஷ்யந்திக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. அந்த வெள்ளைச் சட்டைக்காரி மேல், வாய் திறக்காத அம்மா மேல், எல்லாவற்றுக்கும் மேலாகத் தன் மேல். நேற்று அந்தச் சின்ன டாக்டர் சரியாகத்தான் பார்த்திருக்கிறார். இல்லை, இல்லவே இல்லை என்று அடித்துச் சொல்லித் துண்டு வெட்டிக் கொண்டுவந்தது அவள். அம்மாவின் சந்தேகமும் பொய்யில்லை, டாக்டரின் பேச்சும் பொய்யில்லை. அம்மா என்னவோ பெட்டிக்குள் கிடந்தாள்.

வயிறு மறுபடி இறுகியது. இந்தத் தடவை விடுவதற்கு நேரம் எடுத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு வெளியே வந்தவள், அப்பாவின் கதிரை பக்கத்தில் போய் நின்றாள்.

“அப்பா, அம்மாகிட்ட நீங்க கேட்டீங்களா?”

எதை என்று ஏழுமலை கேட்கவில்லை. மகளின் முகத்தைப் பார்த்தார், பிறகு வேட்டியின் மஞ்சள் கறையைத் தேய்த்தார்.

“கேட்டேன். ஹான்னு சொன்னியான்னு கேட்டேன். சொன்னேன்னா. பொய் சொல்லத் தெரியாதே ஒங்கம்மாவுக்கு.”

“எதுக்கு ஹான்னு சொன்னாங்கன்னு கேக்கலையா?”

தப்பு முழங்க ஆரம்பித்திருந்தது. அவர் பதில் சொன்னது அவளுக்குக் காதில் விழவில்லை; உதடு அசைந்ததில் தெரிந்தது. கேக்கல.

அவர் எழுந்துபோய் பெட்டியின் தலைமாட்டில் நின்றார். மூடப்போகிற நேரம். எல்லோரும் வாய்க்கரிசி போட்டுவிட்டு விலகிக்கொண்டிருந்தார்கள். ஏழுமலை கருப்பாயியின் காதருகே குனிந்தார். முப்பது வருஷத்துக்கு மேல் அந்தக் காதில் ஒரே வசவைப் போட்டவர், இப்போது என்ன சொன்னாரோ, தப்புச் சத்தத்தில் அது யாருக்கும் கேட்கவில்லை.

பெட்டி படியிறங்கியது. பெண்கள் லயத்து முனை வரைக்கும் போய் மாரடித்துவிட்டுத் திரும்பினார்கள். ஆண்கள் ரப்பர் மரங்களுக்கு நடுவே வளைந்து மறைந்தார்கள். ஆண்களில் மிஞ்சியது நிரோஷன் மட்டும். கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, என்ன செய்வதென்று தெரியாமல் கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தான்.

“ஆட்டோவக் கூப்புடுங்க” என்றாள் துஷ்யந்தி. “வலி வந்திருச்சு.”

அவன் கையிலிருந்த கதிரை அப்படியே நின்றது. “அம்மாவுக்குச் சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கியே.”

“பண்ணினேன். தொறந்து வேற வேல பாக்க விடமாட்டேன்னுதான் அதுக்கு அர்த்தம். வேற வேல பாக்க விடமாட்டேன். நீங்க ஆட்டோவக் கூப்புடுங்க.”

இன்னும் போகாமல் பீலியில் முகம் கழுவிக்கொண்டிருந்த மிட்வைப் மிஸ் இதைப் பார்த்துவிட்டு ஓடிவந்தாள். வயிற்றில் கைவைத்துப் பார்த்தவள் முகம் மாறியது. போனை எடுத்து வார்டுக்குச் சிங்களத்தில் பேசினாள். ஆட்டோவில் ஏறும்வரைக்கும் துஷ்யந்தி வலியைக்கூட மறந்து அந்தப் பேச்சின் ஒவ்வொரு வார்த்தையையும் பிடித்துப் பிடித்துப் பார்த்தாள். பிள்ளை குறுக்கே கிடக்கிறது, வலி கண்டுவிட்டது, தியேட்டரைத் தயாராக வையுங்கள். தப்பாக ஒன்றும் இல்லை. தப்பாக ஒன்றும் இல்லாததும் அவளுக்குச் சந்தேகமாகவே இருந்தது.

இழவு வீட்டிலிருந்து விளக்கு வைக்கும் முன்னே மகள் வெளியே போவதைப் பார்த்து லயத்துப் பெண்கள் வாசலுக்கு வந்து நின்றார்கள். ராக்கம்மா மட்டும் ஒரு பையில் பழைய வெள்ளைத் துணிகளைத் திணித்து அவள் மடியில் வைத்தாள்.

டவுன் ஆஸ்பத்திரி வார்டில் நடுவயது நர்ஸ் ஒருத்தி அவளைக் கட்டிலில் கிடத்தினாள். கை பட்டும் படாமலும் வேகமாக வேலை செய்கிற, களைத்துப்போன மனுஷி. பெயர், வயது, கடைசியாகச் சாப்பிட்டது எல்லாம் கேட்டாள். வெளியே நின்ற நிரோஷனைப் பார்த்துவிட்டு இவள் பக்கம் திரும்பி, தினமும் நூறு தரம் கேட்கிற சாதாரணக் குரலில் கேட்டாள்.

“எஹெனங் நவத்தமுத?”

அப்படியென்றால் நிப்பாட்டிவிடலாமா என்று. வார்டில் சேர்த்துவிடலாமா என்று கேட்கிறாள். துஷ்யந்திக்கு அது தெரியும். நன்றாகவே தெரியும். ஆனாலும் ‘ஹா’ என்ற அந்த ஒற்றை எழுத்தைச் சொல்ல வாய் வரவில்லை. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வலி ஒரு சுற்று வந்து போகும்வரை காத்திருந்து, நிறுத்தி நிறுத்திச் சிங்களத்தில் சொன்னாள்.

“மாவ நவத்தன்ன. லமய் நவத்தன்ன எப்பா.”

என்னை நிப்பாட்டுங்க. பிள்ளைகளை நிப்பாட்டாதீங்க.

நர்ஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இவள் முகத்தைப் பார்த்ததும் அது பாதியில் நின்றது. அப்படியெல்லாம் செய்யமாட்டோம் தங்கச்சி, யார் உனக்கு அப்படிச் சொன்னது என்று கேட்டாள்.

“அம்மா” என்றாள் துஷ்யந்தி. அந்த வார்த்தை மட்டும் இரண்டு பாஷையிலும் ஒன்றுதான்.

“கோ அம்மா?”

எங்கே அம்மா என்று நர்ஸ் வாசல் பக்கம் எட்டிப் பார்த்தாள். அங்கே நிரோஷன் மட்டும் நின்றான். துஷ்யந்தி வலது கையை நீட்டினாள். நீட்டிய கையை நர்ஸ் வாங்கித் திருப்பி, ஊசி ஏற்றுவதற்காக ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் புறங்கையைத் துடைத்தாள். பஞ்சு மஞ்சளாக வந்தது. அதைப் போட்டுவிட்டு இன்னொன்றை எடுத்துத் துடைத்தாள். அதுவும் மஞ்சளாகத்தான் வந்தது.